இருபத்திரண்டு நிமிட உப்பு

புளோரியை அடக்கம் செய்து முப்பதாம் நாள் பூசையும் முடிந்த மறுநாள், மணல் ஆலையின் மதியச் சங்கு பன்னிரண்டு நாற்பதுக்கு ஊதி ஓய்ந்தபோது, அடுக்களைப் பலகையில் மல்லாந்து கிடந்த அவளுடைய தூக்குச்சட்டி மூடியில் இரண்டு விரலால் கிள்ளிய அளவு உப்பு இருந்தது. இருபத்தோரு வருடம் அந்த மூடியில் கிள்ளி வைத்த உப்பைத் தொட்டுத்தான் அவள் ஆலை மணலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதனால் அவள் புருஷன் சூசைமரியானுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை. உப்பு வைத்த நேரத்துக்குக் கஞ்சி வைக்க ஆளில்லையே என்றுதான் அவனுக்குக் கண் கலங்கியது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கப் போனவன், அது சூடாக இருந்ததால் கையை உதறிக்கொண்டு, சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் இருந்த கொழுந்தியாளைக் கூப்பிட்டான்.

"மெற்றில்டா, ஒருக்கா வந்து பாரு பிள்ளே. அக்கா உப்பு வச்சிருக்கா. கொதிக்கி."

மெற்றில்டா புன்னைத்துறையில் எம்.எஸ்ஸி. படித்த முதல் பெண். பெண்கள் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். எட்டாம் வகுப்போடு புளோரி பள்ளிக்கூடத்தை விட்டு, கருவாடு உலர்த்தி, வலை பின்னி, பிறகு மணல் வாரப் போனதால்தான் இவள் படித்தாள். அது அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். மூடியைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தவள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி உப்பைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்த கிள்ளல் ஓரத்திலிருந்து மெல்லச் சாம்பல் பூத்து வந்தது. இருபத்திரண்டு நிமிடத்தில் சரிபாதி போயிற்று. இன்னும் இருபத்திரண்டு நிமிடத்தில் அந்தப் பாதியில் பாதி போயிற்று. மாலை ஐந்து மணிக்கு மூடியில் வெள்ளை என்று சொல்ல எதுவும் இல்லை.

மறுநாளும் சங்கு ஊதியது, உப்பு வந்தது. மூன்றாம் நாள் அவள் பழைய கல்லூரிக்குப் போய், இயற்பியல் துறையிலிருந்து கதிர்வீச்சு அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தாள். அது வாசற்படியிலேயே கொட்டும் மழை ஓலைக்கூரையில் விழுவதுபோலச் சடசடத்தது. நாலாம் நாள் ஒரு துளி நீரில் உப்பைக் கரைத்து, சீசியத்தின் உப்பையும் பெர்குளோரிக் அமிலத்தையும் விட்டாள். சீசியம் வெள்ளையாகத் திரண்டு குப்பியின் அடியில் உட்கார்ந்தது, கரைந்திருந்த அந்த அறியாத பொருளும் அதனோடு சேர்ந்து உட்கார்ந்தது. தெளிந்து நின்ற நீரில் கருவி வாய் திறக்கவில்லை. அடியில் இருந்ததின் பக்கம் கொண்டுபோனால் கத்தியது.

உப்பாகிற உலோகங்கள் ஒரு குடும்பம். லித்தியம் மூத்தவள், பிறகு நாம் தினம் தின்னும் சோடியம், பிறகு பொட்டாசியம், ருபீடியம், சீசியம். கடைசியாகப் பிறந்த கனத்த பெண் பிரான்சியம். யாரும் கண்ணால் பார்க்கும் அளவுக்கு அவள் நின்றதில்லை. உலகத்தின் மண்ணையெல்லாம் ஒரே நேரத்தில் சல்லடையிட்டாலும் ஒரு கோழிமுட்டை எடைக்குத் தேறமாட்டாள். தனியாகப் பிடிக்க முடியாது, சீசியம் அக்கா உட்கார்ந்தால்தான் கூட உட்காருவாள். புத்தகத்தில் இவ்வளவும் படித்திருந்த மெற்றில்டாவுக்கு, எங்கள் வீட்டில் மட்டும் இது தலைகீழாகிவிட்டது, அக்கா மணலில் உட்கார்ந்தாள், தங்கை எழுந்து போனாள் என்று தோன்றியது. அன்று அவள் சாப்பிடவில்லை. புத்தகப்படி இத்தனை பிரான்சியம் ஓரிடத்தில் இருந்தால் அதன் சூட்டிலேயே அது ஆவியாகி, வீட்டையும் கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. புளோரி யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவள்.

மெற்றில்டா செய்தது இவ்வளவுதான்: சட்டியை முற்றத்தில் துணி துவைக்கும் துணிக்கல்லுக்கு மாற்றி, சூசைமரியானின் கரைமடி வலைக் கயிற்றைச் சுற்றிலும் கட்டி, கயிற்றுக்குள் யாரும் வரக்கூடாது என்று சொன்னாள்.

ஊர் அந்தக் கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. முதல் வாரம் பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் ஜெபிக்க வந்தார்கள். பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றும், விசுவாசப் பிரமாணமும், மாதா மன்றாட்டும் சேர்த்து ஒரு ஜெபமாலை முடிகிற நேரத்தில் உப்பு சரிபாதி ஆகிறது என்பதைக் கண்டுபிடித்தது மெற்றில்டா அல்ல, மீன் விற்கும் வியாகுலம். அதிலிருந்து புன்னைத்துறையில் நேரம் பாதிகளால் அளக்கப்பட்டது. ஒரு பாதிக்குள் சோறு வெந்துவிடும். இரண்டு பாதிக்குள் பேருந்து சந்தைக்குப் போய்விடும். "அரைப்பாதி பொறுங்க, வாறேன்" என்று பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து பதில் சொன்னார்கள். பங்குச் சாமியார் இதைத் தெய்வப் புதுமை என்று அறிவிக்கவும் இல்லை, அறிவிக்காமல் இருக்கவும் இல்லை. ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, தானும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"சாமி, ஆயர் பதில் போடதுக்குள்ள எத்தன பாதி ஆவும்?" என்று வியாகுலம் கேட்டாள்.

"வாய வச்சுக்கிட்டு ஜெபத்தச் சொல்லு."

"சொல்லுதேன். ஆலையில பதினாலு வருசம் நானும் மண்ணு வாரினேன். எனக்க சட்டியில எப்பம் உப்பு வரும்னும் சேத்துக் கேட்டு எழுதுங்க."

சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆலைக்குப் போனவர்கள், அல்லது போனவர்களை அடக்கம் செய்தவர்கள்.

வெள்ளை முழுதும் அடங்கிய பிறகு, தினமும் சூசைமரியான் கயிற்றைத் தாண்டிப் போய், மூடியையும் சட்டியையும் எடுத்து, தேங்காய்நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கழுவிய நீரைத் தென்னம்பிள்ளையின் அடிமூட்டில் கொட்டிவிட்டு, சட்டியைக் கல்லில் காயவைப்பான். அவள் உயிரோடிருந்தபோது ஒரு நாளும் அதைக் கழுவாதவன். மெற்றில்டா முதலில் தடுத்தாள்.

"அத்தான், உள்ள போவாதீங்க. உடம்புக்கு ஆவாது."

"அவ இருவத்தோரு வருசம் உள்ள நின்னா பிள்ளே. நான் இருவது நிமிசம் நிக்கப்படாதா?"

"அப்பம் நல்லாத் தேச்சுக் கழுவுங்க. ஒண்ணும் ஒட்டியிருக்கப்படாது" என்று மட்டும் சொல்லி, ஆய்வகத்தில் வாழ்நாளெல்லாம் போட்டுக் கழித்த ரப்பர் கையுறை ஒன்றைக் கொடுத்தாள்.

புளோரி எலும்புக்குள்ளிருந்து கிளம்பிய நோயில் செத்தாள். தேன் நிறத்தில் ஒரு மணல் இருக்கிறது. கருமணலையும் செம்மணலையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது அது. அதைத்தான் அவள் வெறுங்காலோடு உலர்களத்தில் வாரியலால் கூட்டினாள், முறத்தில் புடைத்தாள், மூக்கில் ஏற்றினாள், கஞ்சியில் குடித்தாள். அந்த மணலுக்குள் தோரியம், அதன் பக்கத்தில் கொஞ்சம் யுரேனியம், யுரேனியத்தின் வழியில் ஆக்டினியம், ஆக்டினியத்தின் வயிற்றில் எப்போதாவது ஒரு பிரான்சியம். ஆலையோ அவள் எங்கள் தொழிலாளியே அல்ல, ஒப்பந்தக்காரரின் சில்லறை ஆள், அவள் உடம்பில் எங்கள் மணல் இருந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. சூசைமரியான் நஷ்டஈடு கேட்கவில்லை. விசாரணை அலுவலகத்தில் அவன் கொடுத்த மனுவில் இருந்தது ஒரே கோரிக்கை: எனக்க பெஞ்சாதி மணலால செத்தான்னு எழுதித் தரணும். அவன் கைநாட்டு வைத்தான், மெற்றில்டா கையெழுத்துப் போட்டாள்.

சான்று தினமும் மத்தியானம் வந்தது. பார்க்க வேண்டியவர்தான் வரவில்லை.

விசாரணை அதிகாரி பொன்னுலிங்கம் முதல் தடவை நாலு மணிக்கு வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை வழியில் டயர் பஞ்சர் என்று அந்தி சாயும் நேரம் வந்தார். மூன்றாம் தடவை காலை பத்து மணிக்கே கிளம்பிவிட்டதாக அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது, ஊரே குளித்து உடுத்திக் காத்திருந்தது. பத்து மணிக்குக் கிளம்பியவர் ஆலையின் விருந்தினர் விடுதிக்குப் போய், ஆலையின் பங்கை விசாரிக்க வேண்டுமல்லவா என்று அங்கே உட்கார்ந்து, நெய்மீன் வறுவலோடு சாப்பிட்டார். மதியச் சங்கு அவர் தலைக்கு மேலேயே ஊதியது. வாயில் சோற்றோடு அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு மோர் கேட்டார். புன்னைத்துறை முற்றத்துக்கு அவர் கார் வந்தபோது மணி இரண்டரை. ஐந்து ஜெபமாலை முடிந்திருந்தது. முப்பத்திரண்டில் ஒரு பங்கு வெள்ளை மூடியின் நடுவில் ஒரு கடுகளவு கிடந்தது.

"இதுவா?" என்றார் அவர், கயிற்றுக்கு வெளியே நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு.

"உப்பு வரும்போது இதுல முப்பத்திரண்டு மடங்கு இருந்துச்சு சார். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள் மெற்றில்டா.

"எதுக்கும் ஒரு முறை இருக்கும்மா. மாதிரி எடுத்து, சீல் வச்சு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். பத்து நாள்ல முடிவு வந்துடும்."

"பத்து நாள்ல அது அறுநூத்தம்பத்து நாலு தடவை பாதியாயிரும். நீங்க சீல் வச்ச மெழுகத்தான் பரிசோதிக்க முடியும். இதோ கருவி இருக்கு, நீங்களே காது வச்சுக் கேளுங்க."

"அது அங்கீகரிக்கப்பட்ட கருவியா?"

வியாகுலம் பின்னாலிருந்து கேட்டாள்: "சாருக்க காது அங்கீகரிக்கப்பட்டதா?"

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. நேரில் மும்முறை ஆய்வு செய்யப்பட்டதாகவும், குறிப்பிடத்தக்க பொருள் எதுவும் காணப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. மெற்றில்டா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் கிடைத்ததைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். கிடைத்தது சீசியம் உப்பு இருந்த குப்பி. உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே அவள் அழுதாள். ஒரு மனுஷியின் சாவு மெய்யாவதற்கு இருபத்திரண்டு நிமிடத்துக்குள் ஓர் அதிகாரி எழுந்து வர வேண்டும், அதிகாரி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சாவு காத்திருக்கவில்லையென்றால் அது சாவே இல்லை என்று எந்த இயற்கை விதியில் எழுதியிருக்கிறது? முப்பத்து மூன்று வருடம் மாணவிகளுக்கு விதிகளைச் செய்து காட்டிய கைக்கு அது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆலை வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். சுற்றுப்புறத்தின் ஒலி மாசைக் குறைக்கும் பொருட்டு மதியச் சங்கு நிறுத்தப்படுகிறது. நாற்பது வருடமாகக் கைக்குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுத்த சங்கு, இருநூற்று மூன்று நாள் உப்புக்குப் பிறகு, திடீரென்று மாசாகிவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்குக் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. மூடி வெறுமையாக இருந்தது. ஜெபமாலை சொன்னார்கள். இரண்டு சொன்னார்கள். சாமியார் தானே சங்குபோல வாயால் ஊதிப் பார்த்து, வெட்கப்பட்டு உட்கார்ந்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் வெறும் அலுமினியம். நாற்காலிகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. சூசைமரியான் மட்டும் வெறும் சட்டியை எடுத்துக் கழுவி, வெறும் நீரைத் தென்னம்பிள்ளையின் மூட்டில் கொட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வாரம் அவன் தென்னம்பிள்ளைக்கு உரம் வைக்க அடியைச் சுற்றிக் குழியாகத் தடம் எடுத்தான். மண்வெட்டி ஒரு சாண் இறங்கியதும் மண்ணின் நிறம் மாறியது. ஒரு கை அள்ளிப் பார்த்தவன், வலைக்கு ஈயமணி கட்டிப் பழகிய கை என்பதால், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எடையால் அறிந்துகொண்டான்.

"மெற்றில்டா, இது ஈயம். எவன் எனக்க தென்னையில ஈயத்தக் கொட்டினது?"

அவள் தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சாம்பல் நிறப் பொடியைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதுவும் அவன்மேல்.

"தினமும் இங்கயா கொட்டினீங்க? எல்லாத்தையும் கழுவி இங்கயா..."

"நீ தான பிள்ளே நல்லாத் தேச்சுக் கழுவச் சொன்ன?"

சொன்னாள். அவளேதான் சொன்னாள். இருநூற்று மூன்று நாளும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, போவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூடியில் தங்கிய சாம்பலைப் பாத்திரத்தில் ஒட்டிய அழுக்காகத்தான் பார்த்தாள். எந்த உப்பும் இல்லாமல் போவதில்லை. பிரான்சியம் ரேடியமாகிறது, ரேடியம் இன்னொன்றாகிறது, அதில் கொஞ்சம் காற்றோடு போகிறது, மிச்சம் படிப்படியாக இறங்கி, கடைசியில் ஈயத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு எங்கும் போவதில்லை. எத்தனை முறை கரும்பலகையில் இந்த வம்சாவளியை அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறாள். கடைசி அம்பின் நுனியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு படிக்காத மனுஷனின் எச்சில் பாத்திரம் கழுவிய நீர் சேர்த்து வைத்திருந்தது.

மண்ணிலிருந்து அதைப் பிரித்தது ஆலைப் பெண்கள்தான். வியாகுலம் முறத்தையும் தாம்பாளத்தையும் எடுத்து வந்தாள், இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். நீர் விட்டு அலசி, சுழற்றி, இலேசானதை வழியவிட்டு, கனத்ததை அடியில் நிறுத்தும் வித்தையை அந்தக் கைகளுக்கு ஆலை கற்றுக்கொடுத்திருந்தது. ஆலைக்கு எதிராக அது முதல்முறையாகப் பயன்பட்டது. சூசைமரியான் பழைய கரண்டியில் அதை உருக்கி, வலைக்கு ஈயமணி வார்க்கும் களிமண் அச்சில் ஊற்றினான். பதினொரு மணிகள். நைலான் நரம்பில் கோத்தபோது ஒரு குழந்தையின் அரைஞாண் அளவுக்கு இருந்தது.

அடுத்த விசாரணையில் மெற்றில்டா அந்தச் சரத்தைப் பொன்னுலிங்கத்தின் மேசையில் வைத்தாள்.

"என்னம்மா, வலையா?"

"எங்க அக்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கடையில வாங்குற ஈயம் நாலு வகை ஈயத்தோட கலப்பு சார். எந்த நாட்டுச் சுரங்கத்துல எடுத்தாலும் நாலும் கலந்துதான் இருக்கும். இது ஒரே வகை. இருநூத்தேழு. கதிர் வீசுற ஒரே ஒரு வம்சத்துலதான் இது தனியாப் பிறக்கும். ஒரு மணியை எடுத்து அனுப்புங்க. மீதியை நாங்க வச்சிருப்போம்."

"இப்பவே அனுப்ப முடியாதும்மா. கூடத்துல இயந்திரம் பழுது. ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம்கூட ஆகலாம்."

மெற்றில்டா நாற்காலியை இழுத்து, அவர் உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தாள்.

"ஆகட்டும். இத்தனை நாள் நாங்க உங்க பின்னால ஓடினோம், உங்களுக்கு நேரம் கிடைக்கல. சங்கை நிறுத்தினீங்க. இதுக்குச் சங்கு வேண்டாம். இது பாதியாகாது, கால்வாசியாகாது. நீங்க நெய்மீன் சாப்பிட்டுட்டே வாங்க. ஓய்வு பெற்றுட்டே வாங்க. உங்களுக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வாறவர் சாவகாசமா வரட்டும். நானும் சாவேன், அத்தானும் சாவாரு. இது இப்படியே இருக்கும். இப்பம் எனக்கு ரசீது எழுதுங்க. ஈயமணி ஒன்று, கிடைத்த இடம் புளோரியின் தூக்குச்சட்டி கழுவிய நீர் கொட்டிய தென்னை மூடு. புளோரின்னு எழுதுங்க. சில்லறை ஆள்னு எழுதப்படாது."

அவர் எழுதினார். எழுதும்போது கையால் அந்த மணியைத் தொடாமல், காகிதத்தின் ஓரத்தால் தள்ளி வைத்துக்கொண்டார். அங்கீகரிக்கப்படாத எதற்கோ அவர் கை பயந்திருந்தது.

பதின்மூன்று மாதம் ஆயிற்று. கூடத்தின் முடிவும் அதன்மேல் அலுவலகத்தின் ஆணையும் சேர்ந்து ஒரே உறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தன. பொருள் ஒரே வகை ஈயம் என்று கூடம் சொல்லியிருந்தது. மணலே காரணம் என்று எழுத அலுவலகத்துக்குக் கை வரவில்லை. 'புளோரி என்பவரின் மரணத்துக்கு அவர் பணியாற்றிய ஆலையின் மணல் காரணமல்ல என்று கூற இயலாது' என்று எழுதியிருந்தார்கள்.

"வாசி" என்றான் சூசைமரியான்.

வாசித்தாள்.

"சுத்திச் சுத்தி என்ன சொல்லுதான்?"

"மணலால செத்தான்னு சொல்லுதான் அத்தான். அவனால நேராச் சொல்ல முடியல."

"அவ பேரு இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் ஒருக்கா கூட வாசி."

அவள் மறுபடி வாசித்தாள். பிறகு அவன் அந்தக் காகிதத்தை வாங்கி, துணிக்கல்லில் விரித்து, நாலு மூலையிலும் நாலு ஈயமணி வைத்து, எதிரே உட்கார்ந்தான். மெற்றில்டாவும் உட்கார்ந்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செய்தி கேட்டு வந்த பெண்களும் உட்கார்ந்தார்கள், யாரோ ஜெபமாலையைத் தொடங்கினார்கள். ஒரு ஜெபமாலை முடிந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முதல் வரி அப்படியே இருந்தது. புளோரி என்ற பெயர் அப்படியே இருந்தது, ஓர் எழுத்துக்கூடச் சாம்பல் பூக்கவில்லை. இரண்டாவது ஜெபமாலையும் முடிந்தது. அப்போதுதான் சூசைமரியான் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

வியாகுலம் எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது, ஏழு வருடத்துக்கு முன் இறந்துபோன தன் ஓரகத்தி ஆலைக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டி அவள் கையில் இருந்தது. பரணிலிருந்து இறக்கிய தூசியோடு அதன் மூடியைக் கல்லில் மல்லாத்தி வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி போனாள், இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் கல்லிலும் முற்றத்துச் சுவர்மேலும் பதினேழு மூடிகள், சில நசுங்கியவை, சில ஈயம் பற்றவைத்தவை, ஒன்றில் ஆணியால் குத்தி எழுதிய பெயர். தென்னம்பிள்ளையின் தடத்தில் யாரோ பழைய வேட்டி ஒன்றை விரித்தார்கள், இனிக் கழுவுகிற நீர் வடிந்து, ஒரு பொடியும் மண்ணுக்குள் போகாமல் இருக்க.

பன்னிரண்டு நாற்பது ஆயிற்று. ஆலை ஊமையாக நின்றது.

"அவனுக்க சங்கு என்னத்துக்கு?" என்று சொல்லி, வியாகுலம் அகப்பையை எடுத்துத் தன் ஓரகத்தியின் சட்டியில் ஓங்கி அடித்தாள். அடுத்தவள் அடித்தாள். பதினேழு சட்டிகளும் ஒரே சத்தமாக ஆலையின் மதில் வரைக்கும், மதிலுக்கு அப்பால் உலர்களம் வரைக்கும் போய் முட்டின. உள்ளே குனிந்து கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாரியலை நிறுத்தி நிமிர்ந்தார்கள்.

மெற்றில்டா கையுறையைப் போட்டுக்கொண்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைத் தாண்டிக் கல்லில் இருந்த முதல் மூடியின் அருகே போனாள். கருவி சடசடக்கத் தொடங்கியது.